நாய் பொய் சொல்லாது

நேற்று மத்தியானம் குசினியில் மீன் அவித்துக்கொண்டிருந்தேன். பிரஷர் கூடிவிட்டது, உப்பை அடியோடு விடுங்கள் என்று டொக்டர் சொல்லி இரண்டு நாள் ஆகிறது. பாரையில் இரண்டு துண்டு, சட்டியில் வெறும் தண்ணீர், அவ்வளவுதான். மூடியைத் திறந்தபோது உப்பும் புளியும் சேராத வெறும் மீனின் ஆவி முகத்தில் அடித்தது. அந்த மணத்தை இதற்கு முன் என் வாழ்க்கையில் ஒரே ஒரு கிழமை, ஏழு நாள்தான், முகர்ந்திருக்கிறேன். கட்டைபறிச்சானில், நாம் இரண்டு ரீச்சர்மாரும் இருந்த அந்த விடுதியில், ஒரு பொலிஸ் நாய்க்காக.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். நீர் கண்ணை மூடி இன்றைக்கு நாற்பத்தொரு நாள். இருபது வருடமாக உமக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன். மழை, வெயில், பரீட்சை முடிவு, தம்பியின் பிள்ளைகள் என்று எல்லாம் எழுதினேன். எழுத வேண்டியதை மட்டும் எழுதவில்லை. நீரும் கேட்கவில்லை.

முதல் நியமனம் கிடைத்து நாம் அங்கே போன நாள் எனக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சுப் படகு, அங்கிருந்து மாட்டு வண்டி, கடைசியில் உப்புநீர்க் களப்பைத் தோணியில் கடக்க வேண்டும். தோணிக்காரர் நாகமணி. உயரமான மனிதர், வாய் நிறைய வெற்றிலை, வாய் ஓயாத கதை. இக்கரையில் கோலை ஊன்றும்போது தொடங்கினால் அக்கரை சேருவதற்குள் ஊரில் ஒரு வீட்டுப் புதினமும் மிச்சம் இருக்காது. "வாத்திச்சியம்மா, இந்த ஊரில மூண்டு பேர்தான் யோக்கியன். அதில ரெண்டு பேர் செத்துப்போச்சினம்" என்று சொல்லி அவரே சிரித்தார். மூன்றாவது ஆள் யார் என்று நீர் கேட்டீர். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவருடைய மகள் புஸ்பம் என் இரண்டாம் வகுப்பில் படித்தாள்.

விடுதி என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு குசினி. இரண்டு கட்டில், ஓர் அலுமாரி, கிணற்றடியைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். நீர் பட்டினத்து வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை, நான் கோயிலடியில் வளர்ந்தவள். உமக்குப் பயமே கிடையாது என்று பிறகு பலர் சொன்னார்கள். அது பிழை. பாம்புக்கும் இடிக்கும் என்னைவிட நீர்தான் பயந்தீர். இடி இடித்தால் என் கட்டிலுக்கு வந்துவிடுவீர்.

நாம் போன இரண்டாம் வருடம் மாசி மாதத்தில் அந்தச் செய்தி வந்தது. தூரத்து ஊர் ஒன்றில் கடைக்காரர் ஒருவரையும் அவருடைய மனைவியையும் நகைக்காக வெட்டிக் கொன்ற ஒருவன், மூதூரில் லோஞ்சில் ஏற்றுகிற நேரம் காவலரைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டானாம். அவன் பெயரை ஊரில் யாரும் சொல்லவில்லை. "தப்பினவன்" என்றுதான் சொன்னார்கள். பெண்கள் விறகுக்குத் தனியே போகவில்லை. ஆண்கள் மூன்று மூன்று பேராக வயல் காவலுக்குப் போனார்கள். நாங்கள் அலுமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தோம்.

அதனால் இருபது பொலிஸ்காரர் வந்து இறங்கியபோது ஊரே கரையில் நின்றது. இளநீர் வெட்டினார்கள். யாரோ எருமைத் தயிர்ச் சட்டி சுமந்து வந்தார். தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்தையே அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார், நாங்கள் புளியமரத்தின் கீழ் வகுப்பு நடத்தினோம். நியாயமாகச் சொன்னால், நீரும் சந்தோஷப்பட்டவர்தான். "இண்டைக்காவது அலுமாரியை இழுக்காமப் படுக்கலாம்" என்று நீர்தான் சொன்னீர்.

மூன்றாம் நாள் நாய் வந்தது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்த நாய் என்றார்கள். மூதூரிலிருந்தெல்லாம் சைக்கிளில் ஆட்கள் அதைப் பார்க்க வந்தார்கள். கோயில் திருவிழா மாதிரிச் சனம். ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "அதுக்கு இங்கிலீசில சொன்னாத்தான் விளங்குமாம். எங்களை விடப் படிச்ச நாய்" என்று பெருமையோடு சொன்னார். நாயைக் கொண்டுவந்த பொலிஸ்காரர் அதற்கு உப்பில்லாமல் மீன் அவித்துத் தர முடியுமா என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு ஓம் என்றேன். அந்தக் கிழமை முழுக்க நான் அவித்தேன். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. கொலைகாரனைப் பிடிக்கிற வேலையில் எனக்கும் ஒரு பங்கு என்று நினைத்தேன்.

தப்பினவன் கழற்றி எறிந்த சட்டை ஒன்று அக்கரையில் கிடைத்திருந்தது. அதை மணக்கக் கொடுத்து நாயை இக்கரையில் விட்டார்கள். அது தோணித்துறையில் தொடங்கி, மண்ணை மோந்து மோந்து, இரண்டு வேலியைச் சுற்றி, நாகமணியின் குடிசை வாசலில் போய் இருந்துவிட்டது. பின்னால் வந்த சனம் முழுவதும் ஒரே சத்தமாகக் கூவியது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீர் தட்டவில்லை. வாசலில் அரிசிச் சட்டியோடு நின்ற நாகமணியின் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றீர். பிறகு சத்தமாகவே சொன்னீர்: "அந்தாளின்ர தோணியில ஏறாத ஆக்கள் இந்தப் பக்கத்தில இருக்கினமோ? தப்பினவனும் சனத்தோட சனமா ஏறியிருப்பான். அவன்ர மணம் இவரிலயும் ஒட்டியிருக்கும். நாய் எங்கட வாசலுக்கும் வந்திருக்கலாம்."

பக்கத்தில் நின்ற உள்ளூர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நாய் பொய் சொல்லுமே, ரீச்சர்?"

அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது. நாய் பொய் சொல்லாது. நாகமணியின் வெற்றிலைப் பையில் கைவிட்டு எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள், அந்த ஆளின் முழி எப்போதுமே சரியில்லை என்றார்கள். யோக்கியர் கதையை இப்போது வேறு மாதிரிச் சொல்லிக் காட்டினார்கள். பொலிஸ்காரர் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நீர் தலைமுழுகிவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தீர். நான் கட்டிலில் படுத்துக் கிடந்தேன், நித்திரை இல்லை. கிணற்றடியில் சத்தம் கேட்டது. இருவரும் ஒன்றாகத்தான் ஜன்னலுக்குப் போனோம்.

நாகமணியைக் கிணற்றுத் துலாக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும் நின்றார்கள். சார்ஜன் வெளியூர்க்காரர், நல்ல தமிழ் கதைப்பார், காலையில்தான் எங்களிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஒரே நேரத்தில், நாகமணியின் இரண்டு காதிலும் அடித்தார். அவசரமில்லாமல், ஒரு வேலையைச் செய்கிற மாதிரி. ஒவ்வோர் அடிக்கும் பிறகு கேட்டார்: "அவனை எங்க இறக்கினனி?"

"ஐயா, ஏத்தி இறக்கிறதுதான் என்ர தொழில். ஆர் எவர் எண்டு தெரியாதையா."

"நாய் பொய் சொல்லுதோ?"

திரும்பவும் அடி. ஒரு கட்டத்துக்குப் பிறகு நாகமணி பதில் சொல்லவில்லை. சார்ஜனின் வாயையே பார்த்தார். கேள்வியே அவருடைய காதில் விழாமல் போய்விட்டது என்று எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அவருடைய கழுத்தில் இரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது.

நீர் ஈர முடியோடு, வீட்டுச் சேலையோடு, செருப்பும் போடாமல் வெளியே போனீர். நான் உம்முடைய கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் போனீர். நான் ஜன்னலில் நின்றுவிட்டேன்.

"சார்ஜன், இது பள்ளிக்கூடம்" என்றீர். உம்முடைய குரல் நடுங்கியது, இடி இடிக்கும்போது நடுங்குகிற மாதிரி.

"உள்ள போய் இருங்கோ, ரீச்சர். இது பொம்பிளையள் பாக்கிற அலுவல் இல்லை."

"போகமாட்டன். நான் இஞ்சதான் நிப்பன். நீங்கள் அடியுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

நின்றீர். வெயிலில், அசையாமல். அவர்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கட்டை அவிழ்த்து அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் கழித்து விட்டுவிட்டார்கள். நாகமணி வீட்டுக்குப் போகிற வழியில் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. அடிக்காமல் எப்படி உண்மை வரும் என்று சிலர் கேட்டார்கள். தேடுதல் என்று சொல்லிப் பொலிஸ்காரர் வீடு வீடாகப் போய், நெல் மூட்டைகளைக் கம்பியால் குத்திக் கிழித்து விதை நெல்லை முற்றத்தில் கொட்டியபோதுதான் ஊரில் முதல் முணுமுணுப்பு எழுந்தது. கிராமச்சங்கத்துக்குப் போய் முறையிட வேண்டும் என்றுகூடக் கதைத்தார்கள். நீர் அன்று என்னிடம் சொன்னீர்: "மனிசன்ர காதுக்கு வராத கோவம் நெல்லுக்கு வருது. பரவாயில்லை, வந்தாப் போதும்."

அந்தக் கோபமும் நிலைக்கவில்லை. ஒன்பதாம் நாள் தப்பினவன் பிடிபட்டான். வெருகல் பக்கத்துக் காட்டில், விறகு வெட்டப் போனவர்கள் கண்டு பிடித்துக் கட்டிவைத்திருந்தார்கள். தப்பிய அன்றே தலையில் சாக்கு மூட்டையோடு, ஏழெட்டுப் பேர் நடுவில், நாகமணியின் தோணியில் கடந்து நடந்தே போய்விட்டானாம். நீர் சொன்ன மாதிரியேதான். நாயும் பொய் சொல்லவில்லை, நாகமணியும் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. கொலைகாரன் பிடிபட்டான், பொலிஸ் வென்றது. பொங்கல் வைத்தார்கள், பூமாலை கட்டினார்கள். பள்ளிக்கூடப் படியில் இன்ஸ்பெக்டருக்கும் சார்ஜனுக்கும் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். பிள்ளைகளை நிறுத்தி ஒரு வாழ்த்துப் பாடச் சொன்னார் தலைமையாசிரியர். பாடவைத்தது நான். புஸ்பம் அன்று பள்ளிக்கூடம் வரவில்லை. நீர் விடுதியில் இருந்து, சார்ஜனுக்கு எதிராக முறைப்பாட்டுப் பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்தீர்.

அந்தப் பெட்டிசத்தை நீர் மேலிடத்துக்கு அனுப்பியது தெரிந்ததும் ஊர் உம்மில்தான் பாய்ந்தது. எங்களைக் காப்பாற்ற வந்தவர்களுக்கு எதிராக எழுத இந்தப் பட்டினத்துப் பெட்டைக்கு என்ன தேவை என்றார்கள். பால் கொண்டுவருகிறவர் நின்றுவிட்டார். உம்முடைய வகுப்பில் ஆறு பிள்ளைகள் வரவில்லை. விதை நெல் கொட்டிய வீட்டுக்காரரே வந்து, "ரீச்சர், நாளைக்கு இன்னொருத்தன் தப்பினா, பொலிஸ் வராமல் விட்டா என்ன செய்வம்?" என்று கேட்டார்.

"வரட்டும். ஆளைக் கண்டு பிடிக்கட்டும். ஆரையெண்டாலும் பிடிச்சு அடிக்கிறதுக்கு ஏன் வரவேணும்?" என்றீர். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருகோணமலையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். கிராமச்சங்கக் கட்டிடத்தில் மேசை போட்டார்கள். முதலில் நாகமணியைக் கூப்பிட்டார்கள். தோணிக்கு அனுமதிப் பத்திரம் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும், அது கிடைக்காது என்று யாரோ அவருடைய மனைவியிடம் சொல்லியிருந்தார்கள். என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். நாகமணிக்குக் கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டார். கேட்கவில்லை. எழுந்து வந்து காதுக்குள் கத்தினார். நாகமணி சொன்னார்: "தோணியில வழுக்கி விழுந்தனான், ஐயா." எழுதிக்கொண்டிருந்தவர் விழுந்தார் என்று எழுதினார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பிறகு நீர். கண்டதை ஒன்றும் விடாமல் சொன்னீர். எத்தனை அடி என்றுகூடச் சொன்னீர். உம்மோடு வேறு யாராவது பார்த்தார்களா என்று அதிகாரி கேட்டார். என் பெயரைச் சொன்னீர்.

என் தம்பி துறைமுகத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். நன்னடத்தை அறிக்கை பொலிசிலிருந்து வரவேண்டும். அப்பா இல்லாத வீடு. இதெல்லாம் உமக்குத் தெரியும். விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் சார்ஜன் தோணித்துறையில் என்னைக் கண்டு, "தம்பியின்ர அலுவல் எப்பிடிப் போகுது?" என்று சிரித்துக் கேட்டது உமக்குத் தெரியாது. அதை நான் உமக்குச் சொல்லவேயில்லை.

"அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"விடுதியில, ஐயா."

"என்ன பார்த்தீர்கள்?"

"நான் நித்திரையாயிருந்தனான், ஐயா. ஒண்டும் பாக்கேல்லை."

உம்மை நான் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மைப்போத்தலைப் பார்த்தேன். கட்டிடம் முழுக்க ஊர் ஆட்கள். ஒருவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு.

வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்தோம். உள்ளே வந்ததும் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தீர். இரண்டு கோப்பை. ஒன்றை என் முன்னால் வைத்தீர். "உம்மட தம்பிக்கு வேலை கிடைக்கட்டும்" என்றீர். குத்திச் சொல்லவில்லை. மனமாரச் சொன்னீர். நீர் என்னை ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், ஒருவேளை திரும்பி ஓடிப்போய் அந்த அதிகாரியைப் பிடித்திருப்பேன். அப்படி நினைத்துக்கொள்வதும் எனக்கு ஒரு வசதிதான்.

ஒரு மாதத்தில் உமக்கு மலைநாட்டில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தது. தம்பிக்கு வேலை கிடைத்தது. அந்த மலைக்குளிரில்தான் உமக்கு நெஞ்சு வருத்தம் தொடங்கியது என்று உம்முடைய தங்கச்சி போன மாதம் சொன்னார். உம்மை அடக்கம் பண்ணிய பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. அடுத்த கிழமையே கட்டைபறிச்சானுக்குப் போனேன். உம்மிடம் சொல்ல முடியாததை நாகமணியிடமாவது சொல்ல வேண்டும் என்று போனேன். அவர் செத்து நாலு வருடமாம்.

புஸ்பம்தான் இருந்தாள். இப்போது அவளுக்கே மூன்று பிள்ளைகள். "இருங்கோ, மிஸ்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அந்த ஜன்னல், துலாக்கால், அடி, இரத்தம், நீர் போய் நின்றது, நான் போகாதது, நித்திரை என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவில் சாய்ந்து கேட்டாள்.

"அது எங்களுக்குத் தெரியும், மிஸ்" என்றாள். "ரெண்டு ரீச்சர்மாரும் ஜன்னலடியில நிண்டவை எண்டு அப்பா வீட்டுக்கு வந்த அண்டைக்கே அம்மாட்டச் சொன்னவர்."

அவள் துடைத்துப் போட்ட கதிரையில் இருந்தேன்.

"உங்களைத் தோணியில ஏத்த வேண்டாம் எண்டு அம்மா சண்டை பிடிச்சவ. அப்பா கேக்கேல்லை. அந்தப் பிள்ளைக்கும் வீட்டில ஆக்கள் இருக்கினம்தானே எண்டு மட்டும் சொன்னவர்." கதவிலிருந்து நிமிர்ந்தாள். "நான் அப்பா மாதிரி இல்லை, மிஸ். எனக்கு அண்டையிலிருந்து உங்களிலதான் கோவம். சார்ஜனில இல்லை. அவர் ஆரோ எவரோ. உங்களிட்டத்தானே நான் எழுத்துப் படிச்சனான்."

அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். உம்மிடமிருந்து இருபது வருடமாக எனக்குக் கிடைக்காமல் இருந்தது அது.

உமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நீர் போன பிறகு அந்த அறையில் தனியே இருக்க ஏலாமல் மூதூரில் இடம் பார்த்துக்கொண்டு, மூன்று வருடம் தினமும் களப்பைக் கடந்து பள்ளிக்கூடம் போய்வந்தேன். நாகமணியின் தோணிதான். அவர் கதைப்பதை விட்டுவிட்டிருந்தார். காது கேளாத மனிதர், கதைக்கத் தேவையில்லை என்று எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. ஒவ்வொரு காலையும் தோணி கரை தட்டியதும் அவர் முதலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, நான் வழுக்கிவிடாமல் இருக்கக் கையை நீட்டுவார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நீட்டியிருக்கிறார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறேன்.